மலை வீட்டுக்கு விலை வைக்கும்போது
சந்தை மந்தமாக இருக்கையில், கொல்லிமலைச் சொகுசு வீட்டின் விலையைக் கட்டிய செலவிலிருந்து கணக்கிடக் கூடாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சிமென்ட்டும் கம்பியும் வந்த லாரி வாடகையை வாங்குபவர் திருப்பித் தரமாட்டார். விளம்பரத்தில் கேட்கும் விலையும் உதவாது. செம்மேடு, சோளக்காடு பக்கம் அண்மையில் பத்திரப்பதிவான விற்பனைகளை விசாரித்து, பதிவுத்துறை இணையதளத்தில் உள்ள வழிகாட்டி மதிப்போடு ஒப்பிட வேண்டும். முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2% வாங்குபவரின் தலையில் விழுவதால், அவர் கையிருப்பு அந்த அளவுக்குக் குறைவு.

பளிங்குத் தரையைவிட ஆவணங்களே மலையில் விலையைத் தீர்மானிக்கின்றன. நிபந்தனைப் பட்டாவா, பழங்குடியினரிடமிருந்து வந்த நிலமா, கட்டட அனுமதி உண்டா, வில்லங்கச் சான்று சுத்தமா என்பவை தெளியும்வரை விலை பேசுவதே வீண். ஏற்றி வைத்த விலையை மாதாமாதம் சிறுகச் சிறுகக் குறைப்பது சந்தேகத்தையே வளர்க்கும். பார்க்க ஆள் வராவிட்டால் ஒரே முறையில் போதுமான அளவு குறைப்பதே சரி.