நீல விளக்கும் என் கடைவாய்ப்பல்லும்

இந்த முறை நான் கவிதை எழுதவில்லை. என் பல்லைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள், இதில் அறிவியல் இருக்கிறது.

போன வருஷம் எனக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை வந்தது. ஒரு இடத்தில் அடைத்தோம். அஞ்சு மாசத்தில் முறுக்கு கடிக்கும்போது அடைத்தது அப்படியே கையோடு வந்துவிட்டது. அம்மாவின் இரண்டு நாள் சம்பளம் போச்சு. "பல் போனால் சொல் போச்சு" என்பார்கள், எனக்குப் பல்லும் போகாமல் காசு மட்டும் போனது.

பிறகு அப்பா என்னைக் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏற்றி சென்னைக்குக் கூட்டிப் போனார். கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953இல் தொடங்கியது. அங்கே டாக்டரம்மா சொத்தையைச் சுரண்டி எடுத்தார்கள். பல்லின் நிறத்திலேயே பசை மாதிரி ஒன்றைக் கொஞ்சமாக வைத்தார்கள். பேனா போன்ற ஒரு கருவியை வாய்க்குள் வைத்து அழுத்தினார்கள். பளிச்சென்று நீல வெளிச்சம்! 20 விநாடியில் 'பீப்' சத்தம். பசை கல்லாகிவிட்டது. மறுபடி பசை, மறுபடி வெளிச்சம். இப்படி மூன்று தடவை.

எனக்கு ஒரே ஆச்சரியம். வாய் மரத்துப்போயிருந்தாலும் விடாமல் கேள்வி கேட்டேன். டாக்டரம்மா கோபப்படாமல் சொன்னதையும், எங்கள் அறிவியல் ஆசிரியர் பிறகு விளக்கியதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பசை எப்படிக் கல்லாகிறது?

வடாம் வெயிலில் காய்கிறது. அதில் தண்ணீர் ஆவியாகிறது. ஆனால் இந்தப் பசையில் எதுவும் ஆவியாவதில்லை. இதன் பெயர் காம்போசிட். இதில் பிசினும் மிக நுண்ணிய கண்ணாடித் தூளும் இருக்கின்றன. கூடவே காம்பர்குவினோன் என்ற மஞ்சள் பொருள் சிறிதளவு இருக்கிறது. மஞ்சள் பொருள் நீல ஒளியை உறிஞ்சும். சுமார் 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிதான் இதற்கு ரொம்பப் பிடிக்கும். ஒளியை உறிஞ்சியதும் இது பிசினின் சிறு மூலக்கூறுகளைத் தூண்டிவிடுகிறது. அவை கைகோத்து நீளமான சங்கிலிகளாகின்றன. இதற்குப் பலபடியாக்கல் என்று பெயர்.

வெள்ளை வெளிச்சத்திலும் நீலம் இருக்கிறதல்லவா? அதனால்தான் டாக்டரம்மா பசையை ஆரஞ்சு மூடியால் மூடி வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் வாய்க்குப் போகும் முன்பே இறுகத் தொடங்கிவிடும்.

ஏன் மூன்று தடவை?

பசைக்குள் போகப்போக ஒளி குறைந்துவிடும். அதனால் சாதாரணக் காம்போசிட்டை சுமார் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஒரே தடவையில் வைப்பதில்லை. அதிகமாக வைத்தால் மேலே முறுகல், உள்ளே மாவு என்று வேகாத தோசை கதைதான்! கருவியின் நுனியில் பழைய பசை ஒட்டியிருந்தாலும், நுனி பல்லை விட்டுத் தள்ளியிருந்தாலும் இதே கதி. ஒளியின் பலத்தை அளக்க ஒரு சின்ன மீட்டர் உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 மில்லிவாட்டாவது வேண்டும் என்பார்கள்.

என் முதல் அடைப்பு இதனால்தான் விழுந்ததா என்று கேட்டேன். "அப்படியும் இருக்கலாம், அடைக்கும்போது எச்சில் பட்டிருந்தாலும் ஒட்டாது. நீ நாக்கை ஆட்டினாயா?" என்று கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆட்டினேன்.

கண் பத்திரம்

டாக்டரம்மா ஆரஞ்சுத் தகடு வழியாகத்தான் பார்த்தார்கள். அது நீலத்தைத் தடுத்துவிடும். நேராகப் பார்த்தால் விழித்திரை கெடும். எங்கள் அப்பா சிப்காட்டில் வெல்டிங் வேலை செய்கிறார். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு தடவை பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கக் கண் எரிந்து தூங்கவில்லை. அதனால் அப்பாவே "கண்ணை மூடிக்கோம்மா" என்றார்.

கொஞ்சம் வரலாறு

1970களில் புற ஊதாக் கதிரால் இறுக வைத்தார்கள். அது ஆழமாகப் போகாது, ஆபத்தும்கூட. பிறகு ஆலசன் விளக்கு வந்தது. அது சூடாகும், நாளாக ஆக மங்கும். இப்போது எல்.இ.டி. நீல எல்.இ.டி.க்காக அகசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. பல்புக்குள்ளும் பெரும்பாலும் நீல ஒளிதான் இருக்கிறது. மேலே பூசிய மஞ்சள் பூச்சுதான் அதை வெள்ளையாக்குகிறது!

தோழிகளே, பல் அடைக்கப் போனால் நாக்கை ஆட்டாதீர்கள், விளக்கைப் பார்க்காதீர்கள், பயப்படாமல் கேள்வி கேளுங்கள். அதைவிட நல்லது, ராத்திரி பல் தேய்த்துவிட்டுப் படுங்கள். ஜவ்வு மிட்டாய் இரண்டு ரூபாய், சொத்தைக்கு ஆகும் செலவோ அம்மாவின் சம்பளம்.


– ஒன்பதாம் வகுப்பு மாணவி