"என்ன தம்பி, லீவா?": 45 வயசுல வேலை போனா முதல்ல எதைச் சரிபண்ணணும்?



கோட்டுச்சேரி மாதிரி ஊருக்கு ஒரு குணம் உண்டு. சென்னையில் வேலை பார்க்கிறவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில டீக்கடையில நின்னா, யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்டுடுவார்: "என்ன தம்பி, லீவா?" கேட்கிறவருக்கு அது சாதாரண விசாரிப்பு. பொங்கலுக்கு வந்திருந்தா நமக்கும் சாதாரணம்தான். ஆனா வேலை போய், வீட்டுக்கே சரியா சொல்லாம ஊருக்கு வந்திருந்தா? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அடுத்த நாள் டீக்கடைக்கே போகமாட்டோம்.

இந்தப் பாடம் அந்தப் பயத்தைப் பத்திதான். உங்களுக்கு இப்ப 25, 28 வயசு இருக்கலாம். "நடுவயசுக்காரர் பிரச்சினை எனக்கு எதுக்கு?"ன்னு தோணும். ரெண்டு காரணம் இருக்கு. அந்த நடுவயசுக்காரர் உங்க அப்பாவாவோ, சித்தப்பாவாவோ, பெரிய அண்ணனாவோ இருக்கலாம். அப்போ வீட்டில் மாசச் சம்பளம் வாங்குற ஒரே ஆள் நீங்களாகூட இருப்பீங்க. இன்னொன்று, உங்களுக்கும் ஒரு நாள் 45 வரும். அதுக்கான தயாரிப்பை இப்பவே ஆரம்பிச்சா கஷ்டம் குறைவு.

சொல்ல வர்றது ஒண்ணுதான். நடுவயசுல வேலை போனா வர்ற கோபமும் அவமானமும் பயமும் மனசுக்குள்ளேயே நிக்காது. செட்டில்மென்ட் பணத்தில் கை வைக்கும், இன்டர்வியூவில் வாயைத் திறக்கும், உதவக்கூடிய மனுஷங்ககிட்ட இருந்து நம்மை ஒளிச்சு வைக்கும். அதனால ரெஸ்யூமேவைத் திருத்துறதுக்கு முன்னாடி இதைக் கவனிக்கணும்.

மறைமலை நகரில் நடந்தது

ஃபோர்டு கம்பெனி 1995-ல் மஹிந்திராவோடு கூட்டு சேர்ந்து இந்தியாவுக்கு வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் அதன் தொழிற்சாலை. அங்கே வேலைன்னா கல்யாணச் சந்தையில்கூட தனி மரியாதை. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சுமார் 4,000 ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே சொன்னது. இழப்பீட்டுப் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. 2022 மே மாதக் கடைசியில் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது.

ஒரு சின்னக் கணக்கு. 2000-ல் 23 வயசில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தவருக்கு 2022-ல் 45 வயசு. வீட்டுக்கடன் பாக்கி இருக்கும். மூத்த பிள்ளை பிளஸ் டூ முடிச்சு காலேஜ் ஃபீஸ் கட்டுற நேரம். கடைசியா அவர் இன்டர்வியூவுக்குப் போனது 22 வருஷத்துக்கு முன்னாடி.

இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. கம்பெனி எடுத்த முடிவு அது. தனியார் கம்பெனிக்கு மட்டும் நடக்கிறதும் இல்லை. நம்ம புதுச்சேரியில் 1898-ல் தொடங்கின ஏஎஃப்டி மில், அரசு கையில் இருந்தும், 2020 ஏப்ரல் 30-ல் மூடப்பட்டது.

இன்னொரு விஷயமும் கவனிங்க. 2024 செப்டம்பரில் மறைமலை நகர் ஆலையை மீண்டும் பயன்படுத்த விருப்பம் தெரிவித்து தமிழக அரசுக்கு ஃபோர்டு கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாயில் அங்கே எஞ்சின் தயாரிக்க ஒப்பந்தம் ஆச்சு. உற்பத்தி 2029-ல்தான். நல்ல செய்திதான். ஆனா 2022-ல் 45 வயசில் வெளியே வந்தவருக்கு 2029-ல் 52 ஆகியிருக்கும். "கம்பெனி திரும்ப வரும், கூப்பிடுவாங்க"ன்னு காத்திருந்தா ஏழு வருஷம் போயிருக்கும்.

இன்ஜினியர்களை எழுத வைத்த ஆய்வு

உணர்ச்சியைக் கவனிச்சா வேலை கிடைக்குமா? இதை அமெரிக்காவில் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும், டல்லாஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை இழந்த 63 பேரை வைத்து ஆய்வு செய்து 1994-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டிய இன்ஜினியர்கள். பல வருஷம் அதே கம்பெனியில் இருந்தவர்கள். பயங்கரக் கோபத்தில் இருந்தார்கள்.

ஒரு குழுவிடம், வேலை போனதைப் பற்றி மனசில் இருப்பதை அப்படியே எழுதச் சொன்னார்கள். தினம் 20 நிமிடம், ஐந்து நாள். இன்னொரு குழு, அன்றைய திட்டம், வேலை தேடும் முயற்சி இதைப் பற்றி மட்டும் எழுதியது. மூன்றாவது குழு எதுவும் எழுதவில்லை. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், மனசில் இருந்ததை எழுதியவர்களில் பாதிக்கும் மேல் வேலையில் சேர்ந்திருந்தார்கள். மற்றவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர்தான்.

இதில் முக்கியமானது என்ன தெரியுமா? முதல் குழு அதிகமா ரெஸ்யூமே அனுப்பலை. அதிகமா போன் பண்ணலை. முயற்சி எல்லாருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். பென்னிபேக்கர் சொல்ற விளக்கம் இது: எழுதி முடிச்சவங்களோட கோபம் அடங்கியிருந்தது, அதனால இன்டர்வியூவில் பழைய கம்பெனியைத் திட்டித் தீர்க்கலை. 63 பேர் சின்ன எண்ணிக்கைதான், இதை வச்சு எல்லாருக்கும் இப்படியே நடக்கும்னு சொல்லிட முடியாது. ஆனா ஒரு நோட்டும் பேனாவும் செலவு. முயற்சி பண்றதுல நஷ்டம் இல்லை.

மூணு உணர்ச்சி, மூணு பணத் தப்பு

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கோட்டுச்சேரியிலிருந்து ஒரகடம் போய் வேலை பார்த்த ஒரு அண்ணன். 45 வயசு. 18 வருஷ சர்வீஸ். கிராஜுவிட்டி, இழப்பீடு எல்லாம் சேர்த்து கையில் 18 லட்சம். பி.எஃப். தனியா இருக்கு. வீட்டுச் செலவு 32,000, வீட்டுக்கடன் இஎம்ஐ 18,000, ஆக மாசம் 50,000. வேற வருமானமே இல்லைன்னாலும் 36 மாசம் ஓட்டலாம். நல்ல நிலைமைதான். இதை எது கெடுக்கும்?

அவமானம்: "வேலை போச்சுன்னு யாரும் நினைக்கக் கூடாது"ன்னு வீட்டுக்கு மாடி எடுப்பார், கார் வாங்குவார். அதில் 8 லட்சம் போனா மீதி 10 லட்சம். 36 மாசம் 20 மாசமா சுருங்கிடும்.

கோபம்: "இனி எவன்கிட்டயும் கைகட்டி நிக்கமாட்டேன்"ன்னு தெரியாத தொழிலில் மொத்தத்தையும் போடுவார். தொழில் செய்யறது தப்பில்லை. கோபத்தில் ஆரம்பிக்கிறதுதான் தப்பு.

பயம்: முதல்ல வந்த வேலையைப் பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்குவார். இல்லைன்னா வெளிநாட்டு வேலைன்னு சொல்ற யாரோ ஒரு ஏஜென்ட்டிடம் லட்சக்கணக்கில் கட்டிடுவார்.

மூணுமே வெளியே பார்க்கப் பண முடிவு மாதிரிதான் இருக்கும். அதனால வீட்டில் யாரும் "இப்ப உனக்கு என்ன தோணுது?"ன்னு கேட்கிறதில்லை. "எவ்வளவு ஆகும்?"னுதான் கேட்கிறோம்.

90 நாள் பூட்டு

இதுக்கு நான் சொல்ற வழி சுலபம். செட்டில்மென்ட் வந்த நாளிலிருந்து 90 நாளைக்குப் பெரிய பண முடிவு எதுவும் கிடையாது.

முதலில், ஆறு மாசச் செலவை, இந்த அண்ணனுக்கு 3 லட்சம், சேவிங்ஸ் கணக்கில் தனியா வைங்க. அதிலிருந்து மாசா மாசம் "சம்பளம்" மாதிரி 50,000 மட்டும் வீட்டுக் கணக்குக்கு மாத்துங்க.

மீதியை 91 நாள் எஃப்டியில் போடுங்க. ஒரே வங்கியில் குவிக்காதீங்க. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் டெபாசிட் காப்பீடு.

பி.எஃப்.பை அவசரப்பட்டு எடுக்காதீங்க. பென்ஷன் திட்டத்தில் 10 வருஷ சர்வீஸ் இருந்தாதான் 58 வயசில் மாதப் பென்ஷன். எடுக்கும் விதிகளும் மாறிக்கிட்டே இருக்கு. கை வைக்கும் முன் இபிஎஃப்ஓ தளத்தில் அன்றைய விதியைப் பாருங்க.

கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையோடு போயிடும். கடைசி நாளுக்கு முன்னாடியே, அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமான்னு ஹெச்ஆரிடம் கேளுங்க.

கணக்கு சரியா வந்திருக்கான்னும் பாருங்க. கிராஜுவிட்டி என்பது சட்டப்படி கணக்கில் எடுக்கும் கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருஷத்தால் பெருக்கணும். 40,000 ரூபாய், 18 வருஷம்னா சுமார் 4.15 லட்சம்.

இந்த 90 நாளில் முதல் ஐந்து நாள் அந்த 20 நிமிட எழுத்து. யாருக்கும் காட்ட வேண்டாம். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம். யார் மேல கோபம், எதுக்கு வெட்கம், எதை நினைச்சு தூக்கம் வரலை, எல்லாம் எழுதணும். மனசு ரொம்பப் பாரமா இருந்தா, பல நாள் தூக்கமே இல்லைன்னா, 14416-க்குக் கூப்பிடுங்க. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. இலவசம். தமிழிலும் பேசலாம்.

டீக்கடைக் கேள்விக்குப் பதில்

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் வேலை மாறியவர்களை விசாரித்து 1974-ல் ஒரு புத்தகம் எழுதினார். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலைத் தகவல் வந்தது தெரிந்தவர் மூலம். அதிலும் தினம் பழகுகிற நெருங்கிய நண்பர்களைவிட, எப்பவாவது பார்க்கிறவர்கள் மூலம்தான் அதிகம்.

எப்பவாவது பார்க்கிறவர் யார்? டீக்கடையில் "லீவா?"ன்னு கேட்டாரே, அவர்தான்! அவர் மச்சான் காரைக்கால் துறைமுகத்தில் இருக்கலாம். மருமகன் துபாயில் இருக்கலாம். அவமானத்தில் நாம் ஒளியறப்போ ஒளியறது இவர்களிடமிருந்துதான்.

அதனால ஒரு பதிலைத் தயார் பண்ணி வாய்விட்டுச் சொல்லிப் பழகணும்:

"கம்பெனியை மூடிட்டாங்க மாமா. குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல 18 வருஷம் இருந்தேன். அதே மாதிரி வேலை பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்க."

பொய் இல்லை, புலம்பலும் இல்லை. கேட்டவர் கையில் ஒரு வேலையும் கொடுத்தாச்சு. இதையே கொஞ்சம் மாத்தினா இன்டர்வியூவில் "ஏன் வெளியே வந்தீங்க?"ன்னு கேட்கும்போதும் பதில் ரெடி. கம்பெனியைப் பத்தி ஒரு வரி, செய்த வேலையைப் பத்தி ரெண்டு வரி, அடுத்து என்ன வேணும்னு ஒரு வரி. கம்பெனியைப் பத்தின வரி நாலு வரியா நீண்டா, நோட்டில் இன்னும் எழுத வேண்டியது பாக்கி இருக்குன்னு அர்த்தம்.

இந்த வார ஹோம்வொர்க்

வேலையில் இருக்கிற நீங்க செய்ய வேண்டியது நாலு.

1. வீட்டின் மாசச் செலவை இஎம்ஐயோடு எழுதுங்க. கையில் இருக்கும் பணத்தை அதால் வகுங்க. வர்ற எண்தான் நீங்க தாங்கும் மாசம். ஆறுக்குக் கீழே இருந்தா, புது போனுக்கு முன்னாடி அதைச் சரிபண்ணுங்க.

2. வேலை மாறும்போது பி.எஃப்.பை எடுக்காம, அதே யுஏஎன் எண்ணில் புதுக் கம்பெனிக்கு மாத்துங்க. தொடர்ந்து 5 வருஷம் ஆகும் முன் எடுத்தா வரியும் வரும்.

3. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரெஸ்யூமேவைப் புதுப்பிச்சு, ஒரு இன்டர்வியூவுக்குப் போங்க. சேரணும்னு கட்டாயம் இல்லை. 22 வருஷ இடைவெளி விழாம இருக்கும்.

4. வீட்டில் யாராவது வேலை இழந்து வந்திருந்தா, அடுத்து என்ன பண்ணப்போறேன்னு முதல் வாரம் கேட்காதீங்க. பக்கத்தில் உட்காருங்க, டீ போட்டுக் கொடுங்க, அவர் பேசும்போது கேளுங்க. பணக் கணக்கை ரெண்டாவது வாரம் ஒரு பேப்பரில் சேர்ந்து போடுங்க.

"என் பையன்கிட்ட எப்படிச் சொல்றது"ன்னு தயங்கித்தான் பல அப்பாக்கள் காலையில் வழக்கம்போல பையை மாட்டிக்கிட்டுக் கிளம்புறாங்க. "எங்கிட்ட சொல்லலாம்ப்பா"ன்னு நீங்க முன்னாடியே சொல்லி வச்சா, அந்தப் பையை அவர் இறக்கி வைப்பார்.

அடுத்த பாடத்தில், அந்த ஆறு மாசத் தொகையை 25,000 ரூபாய் சம்பளத்தில் எப்படிச் சேர்க்கிறதுன்னு கணக்கோட பார்ப்போம்.