திரையில் காணாமல் போன பெயர்கள்
(எச்.டி.எம்.எல். சிறப்புக் குறியீடுகள் பற்றி)



பழவேற்காடு ஏரியில் இறாலுக்கு வலை கட்டுவதில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். எங்கள் குப்பத்தின் பாடு பட்டியலைப் போன விடுமுறையில் ஒரு வெப் பக்கமாகச் செய்து, எல்லார் போனிலும் தெரியும்படி ஏற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். பெருமை தாங்கவில்லை.

சாயங்காலமே சண்டை. "இன்னாடா, மூணு படகு பேரைக் காணோம்? வேணும்னே எடுத்துட்டியா?" என்று சித்தப்பா முறையுள்ள ஒருவர் வாசலுக்கே வந்துவிட்டார். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அன்றைய பிழைப்பு இல்லை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நடந்தது இதுதான். அந்த மூன்று படகுகளுக்கும் ஆங்கிலப் பெயர். அழகுக்காக எல்லாப் பெயர்களையும் < > குறிகளுக்குள் போட்டிருந்தேன். < குறியை ஒட்டி ஆங்கில எழுத்து வந்தால் பிரவுசர் அதை டேக் என்று எடுத்துக்கொள்ளும். தனக்குத் தெரியாத டேக் என்றால் சத்தமில்லாமல் விட்டுவிடும். தமிழ்ப் பெயர்கள் தப்பித்தன. ஏனென்றால் டேக்கின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும்.

ஆகவே இந்தக் குறிகளை நேராக எழுதாமல் அவற்றின் யூனிகோடு எண்ணை எழுத வேண்டும். முதலில் &, அடுத்து #, பிறகு எண், கடைசியில் செமிகோலன். < குறிக்கு &#60; என்றும், > குறிக்கு &#62; என்றும், & குறிக்கே &#38; என்றும் வரும். ஒரு பகுதி முழுவதையும் 'ரீப்ளேஸ்' கொடுத்து மாற்றுகிறவர்கள் & குறியை முதலில் மாற்றுங்கள். கடைசியில் மாற்றினால் &#60; என்பது &#38;#60; ஆகி, திரையில் எண்ணாகவே நிற்கும். இதில் எனக்கு ஒரு ராத்திரி போயிற்று.

செமிகோலனைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கிலோவுக்கு எத்தனை இறால் என்பதுதான் கவுண்ட். அது குறைந்தால் பெரிய இறால், நல்ல விலை. <40 என்று காட்டுவதற்கு, செமிகோலனை விட்டுவிட்டு &#6040 என்று அடித்துவிட்டேன். பிரவுசர் 6040 என்று சேர்த்துப் படித்து, கம்போடிய எழுத்து ஒன்றைக் காட்டியது! "இது இன்னா மீனுடா?" என்றது அம்மா.

ரூபாய்க் குறி ₹ வேண்டுமானால் &#8377; போடுங்கள். நம் தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார் வரைந்து, 2010-இல் இந்திய அரசு ஏற்றுக்கொண்ட குறி அது. பழைய தமிழ்க் கணக்குக் குறிகளும் 2003 முதல் யூனிகோடில் இருக்கின்றன. பற்றுக்கு ௶ (&#3062;), வரவுக்கு ௷ (&#3063;). வியாபாரியிடம் முன்பணம் வாங்கும் எங்கள் வீட்டில் முதல் குறிக்குத்தான் வேலை அதிகம்.

தமிழ் முழுவதையும் இப்படி எண்ணாக அடிக்கத் தேவையில்லை. கோப்பை யு.டி.எஃப்-8 முறையில் சேமித்து, தலைப்பகுதியில் மெட்டா டேக்கில் அதைக் குறிப்பிட்டால் போதும். ஆனாலும் 'வே' என்ற எழுத்தை ஒருமுறை &#2997;&#3015; என்று அடித்துப் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் தெரிகிற கொம்பு, எண்ணில் வகரத்துக்குப் பின்னால்தான் வரும்.

திருத்திய பக்கத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். மூன்று பெயரையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எதுக்கும் பேப்பர்லயும் ஒண்ணு எழுதி ஒட்டிடு" என்றார். ஒட்டினேன்.