பண்டிகை கழிந்த பின் பலகாரம்

தீபாவளி கழிந்தும் அண்டை வீட்டார் அன்புடன் அளித்த பலகாரம் தீர்ந்தபாடில்லை. பிள்ளைகளின் கைகள் ஓயாமல் டப்பாவை நாடுகின்றன. அவர்களைக் கடிந்து பயனென்ன? வேலையினின்று களைத்து வந்து, அழும் பிள்ளையின் வாயை லட்டு கொடுத்து அடைத்தவர் நாமன்றோ? அழுதால் இனிப்புக் கிட்டுமெனக் கற்பித்தவரும் நாமே.

முற்றிலும் மறுத்தால் களவு விளையும். தாராளமாய் விட்டால் நோய் விளையும். இவ்விரண்டிற்கும் இடையே நடுவழி உண்டு. இனிப்புத் தின்னுந்தோறும் வாயிலுள்ள நுண்கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. ஆகவே அளவோடு தடவையும் குறைய வேண்டும். உணவின் முடிவில் ஒன்று கொடுத்து, வாய் கொப்புளிக்கச் செய்வோம். டப்பாவைக் கண்மறைவில் வைப்போம். இடையில் பசித்தால் சுண்டலோ கொய்யாவோ தருவோம்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல், உணவாற்றலில் சேர்த்த சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டிற்குக் கீழிருக்க வேண்டுமென்றது. அவ்விதி நமக்கும் உரியது. முதலில் நம் தேநீரில் சர்க்கரையைக் குறைப்போம். அதனைக் கண்டே பிள்ளைகள் கற்பர்.