கட்டடத் தொழிலாளர் நல நிதி: யார் தரும் பணம், யாருக்குரிய பணம்?

கொத்தனாருக்கு ஆண்டு முழுவதும் ஒரே முதலாளி கிடையாது. இந்த மாதம் ஒருவர் வீட்டில் பூச்சு வேலை, அடுத்த மாதம் இன்னொருவர் கடைக்குச் செங்கல் கட்டு, மழைக்காலத்தில் ஒன்றுமே இல்லை. மில் தொழிலாளிக்கு மில் நிர்வாகம் வைப்பு நிதி செலுத்துகிறது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் யார் செலுத்துவது?

முதலாளி மாறுவார், கட்டடம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே கட்டடத்தின் மீதே தீர்வை விதித்து, அந்தப் பணத்தை ஒரு பொது நிதியில் சேர்ப்பது என்று முடிவானது. சட்டப்படி கட்டுமானச் செலவில் 1 சதவீதத்துக்குக் குறையாமலும் 2 சதவீதத்துக்கு மேற்படாமலும் வசூலிக்கலாம். நடைமுறையில் 1 சதவீதம். நிலத்தின் விலை இந்தக் கணக்கில் சேராது. 2 கோடி ரூபாய் செலவில் ஒரு வணிக வளாகம் எழுந்தால், 2 லட்சம் ரூபாய் நிதிக்கு வர வேண்டும். சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் சிறு வீடுகளுக்கு விலக்கு உண்டு.

இது தானாகக் கிடைத்ததல்ல. நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான தேசியப் பிரச்சாரக் குழுவும் தொழிற்சங்கங்களும் 1980களிலிருந்து தனிச் சட்டம் கேட்டுப் போராடின. தமிழ்நாட்டில் 1994லேயே நலவாரியம் அமைந்துவிட்டது. மத்திய அரசின் இரு சட்டங்கள் 1996இல்தான் வந்தன. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்தத் தீர்வை தொடர்கிறது.

ஆனால் பணம் சேர்ந்ததாலேயே அது தொழிலாளி கைக்குப் போய்விடவில்லை. 2018 மார்ச் மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கண்டித்தது. நாடு முழுவதும் 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியிருக்க, ஏறத்தாழ 9,500 கோடிதான் செலவாகியிருந்தது. எஞ்சிய 28,000 கோடி சும்மா கிடந்தது. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1996 சட்டத்திலேயே வரம்பு இருந்தது. வரம்பு சரிதான்; கொடுக்கவே கொடுக்காத பணத்தை எந்த வரம்பு காப்பாற்றும்?

பணம் தேங்குவதற்கு அரசு அலுவலகங்களின் மெத்தனம் ஒரு காரணம். மற்றொன்று பதிவு. 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, முந்தைய 12 மாதங்களில் 90 நாட்களாவது கட்டட வேலை செய்தவர் பதிவு செய்யலாம். கொத்தனார், சித்தாள் மட்டுமல்ல. கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், பெயின்டர், பிளம்பர், எலக்ட்ரீசியன், டைல்ஸ் ஒட்டுபவர் எல்லாருக்கும் இடமுண்டு. "நான் பெயின்டர்தானே, எனக்கு எதற்கு?" என்று ஒதுங்கும் சகோதரர்களை நாம் அடிக்கடி பார்க்கிறோம். தலையில் கல் சுமக்கும் பெண்களோ, கணவர் பதிவு செய்திருந்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். போதாது. மகப்பேறு உதவியும் 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் அவர்கள் பெயரில் பதிவு இருந்தால்தான் உரிமையாக வரும்.

90 நாள் வேலைக்குச் சான்று கேட்கும்போதுதான் பலர் திணறுகிறார்கள். சம்பளச் சீட்டு இல்லாத தொழில் இது. மேஸ்திரிகள் ஒரு நோட்டில் ஆள் பெயரும் தேதியும் எழுதி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். கூலிக் கணக்குக்காக எப்படியும் எழுதுகிறார்கள்; வேலை முடிந்ததும் அந்த நோட்டைக் கிழித்துப் போடாமல் இருந்தாலே போதும்.

கட்டடம் எழுப்பும் வசதி படைத்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வரைபட அனுமதியின்போது செலவைக் குறைத்துக் காட்டினால் குறைவது இந்த நிதிதான். நீங்கள் கட்டும் தீர்வை, சாரத்தில் நிற்பவரின் கூலியோடு சேர்ந்த பாக்கி, தர்மமல்ல.

பதிவு செய்தவர்கள் அட்டையை எடுத்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: புதுப்பிக்க வேண்டிய தேதியும் வாரிசுதாரர் பெயரும். சாரத்திலிருந்து விழுந்து ஒருவர் இறந்த பிறகு, தேதி கடந்த அட்டையோடு அவர் மனைவி அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். திருமணத்துக்கு முன் பதிவு செய்தவர்கள் பலரது அட்டையில் வாரிசாக இன்னும் தாயார் பெயரே இருக்கும். அவர் மறைந்திருந்தால் உடனே மாற்றுங்கள். அட்டையின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.