தேயிலைக் காட்டில் கிராவல் சைக்கிள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலேசியாவின் கேமரன் மலைக்குச் சைக்கிளோடு கிளம்புகிறவர்களில் பலர் படத்தைப் பார்த்தே திட்டம் போடுகிறார்கள். அடுக்கடுக்காய்த் தேயிலை, இடையே வளைந்து போகும் கப்பிப் பாதை, மேலே பனிமூட்டம். படத்தில் பொய்யில்லை. ஆனால் அந்தப் பாதையைப் போட்டது கொழுந்து ஏற்றும் லோரிக்காக. இதை மறந்து போடும் திட்டம்தான் மலையில் சறுக்குகிறது.

நம்பிக்கை: தோட்டத்துப் பாதைகளில் யாரும் போகலாம்.

உண்மை: அவை தனியார் நிலம். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தோட்டம்தான் மலாயாவின் முதல் மலைத் தேயிலைத் தோட்டம். கோவேறு கழுதைகளையும் பழைய ஸ்டீம் ரோலர் ஒன்றையும் வைத்துக் காட்டைத் திருத்திய இடம் அது. தலைமுறைகளாக அங்கே கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்று அந்த வேலையில் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். போ தோட்டத்தின் சுங்கை பாலாஸ் தேநீர் நிலையம் வரை பார்வையாளர்கள் தாராளமாகப் போகலாம். அதைத் தாண்டி உட்பாதையில் இறங்க வேண்டுமானால், தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். மருந்தடிக்கும் பகுதி எது, லோரி ஓடும் நேரம் எது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். எதிரே லோரி வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீர்கள். மலைச்சுவர்ப் பக்கமாக இறங்கி நின்று வழிவிடுங்கள்.

நம்பிக்கை: தாப்பா ஏற்றத்தை முடித்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது.

உண்மை: அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊருக்குச் சுமார் 60 கிலோமீட்டர். அதில் ஏறும் உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர். 100 மீட்டருக்குச் சராசரி இரண்டரை மீட்டர்கூட ஏறுவதில்லை. நீண்ட ஏற்றம்தான், ஆனால் நிதானமானது. டூர் டி லங்காவி சைக்கிள் பந்தய வீரர்கள் இந்த மலையேறியிருக்கிறார்கள். மூச்சு வாங்குவது மேலே போன பிறகுதான். பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் செங்குத்தாக ஏறும் பாதைகள் தோட்டம் முழுக்க உண்டு. எனவே கிலோமீட்டரைக் கணக்கிடாமல் ஏறும் மீட்டரைக் கணக்கிடுங்கள். சமவெளியில் நாளுக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இங்கே 40 போதும். முன் பல்சக்கரத்தைவிடப் பின் பல்சக்கரம் பெரிதாக இருக்கும் கியர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

நம்பிக்கை: ஜூன், ஜூலையில் மலைப்பக்கம் போனால் மழையில் மாட்டிக்கொள்வோம்.

உண்மை: இது நீலகிரிக்கும் மூணாறுக்கும் பொருந்தும் கணக்கு. கேமரன் மலையில் ஏப்ரல்–மே ஒரு மழைக்காலம், அக்டோபர்–நவம்பர் அதைவிடப் பெரிய மழைக்காலம். ஜூன், ஜூலையும் ஆண்டின் முதலிரண்டு மாதங்களும் ஒப்பளவில் காய்ந்தவை. அந்தப் பெரிய மழைக்காலத்தில், 2013 அக்டோபர் 23 அன்று, கனமழைக்குப் பிறகு சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மண்சரிவும் இந்த மலைக்குப் புதிதல்ல. காய்ந்த மாதத்திலும் பிற்பகல் மழையை எதிர்பாருங்கள். விடிந்ததும் கிளம்பி, மதியத்துக்குள் மண்பாதையை முடித்துத் தார்ச்சாலைக்கு வந்துவிடுவது நல்லது.

நம்பிக்கை: உயரமான மலை, மூச்சு முட்டும், குளிர் இருப்பதால் வெயில் சுடாது.

உண்மை: இரண்டுமே தவறு. சாலை போகும் மிக உயர்ந்த இடமான பிரிஞ்சாங் மலையுச்சி சுமார் 2,000 மீட்டர். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. ஏற்றத்தில் கொஞ்சம் கூடுதலாக இரைக்கும், அவ்வளவுதான். வெயில் வேறு கதை. நிலநடுக்கோட்டுக்கு அருகே, இந்த உயரத்தில், புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கடுமை. குளிரில் அது உறைக்காது. மாலையில் கழுத்து எரியும்போது தெரியும். உச்சியை ஒட்டிய பாசிக்காட்டுக்குள் சைக்கிளை ஏற்ற நினைக்காதீர்கள். அது மரநடைபாதையில் நடந்து பார்க்க வேண்டிய இடம்.

நம்பிக்கை: கல் பாதைக்கு டயரில் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும்.

உண்மை: இறுகிய டயர் கல்லில் துள்ளும், ஈரச் செம்மண்ணில் வழுக்கும். 40 முதல் 45 மில்லிமீட்டர் அகல டியூப்லெஸ் டயரில், 70 கிலோ எடையுள்ளவருக்கு 30–35 பிஎஸ்ஐ போதுமானது. பிரேக் கட்டைகளைக் கிளம்பும் முன்பே பாருங்கள். ஈர மண் படிந்தால் ஒரே இறக்கத்தில் நிறையத் தேய்ந்துவிடும்.

நம்பிக்கை: மலை ஓடைத் தண்ணீர் சுத்தமானது.

உண்மை: ஓடைக்கு மேற்புறம் காய்கறித் தோட்டம் இருந்தால் உரமும் பூச்சிமருந்தும் அதே தண்ணீரில் இறங்கும். ஓடையில் சக்கரத்தைக் கழுவுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கடையில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பிரிஞ்சாங் ஊரிலிருந்து கியா பார்ம் சந்தை வரை கார்கள் நகராமல் நிற்கும். வார நாளைத் தேர்ந்தெடுங்கள். அது தோட்டத்தில் வேலை நடக்கும் நாள் என்பதால், கொழுந்து பறிப்பவர்களைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நமக்கு விடுமுறை, அவர்களுக்கு அது வேலைத்தளம்.