நேற்று நண்பன், இன்று நிர்வாகி

ஒவ்வோர் ஆண்டும் கிளைப் பொறுப்பாளர் தேர்வு முடிந்ததும் ஒரு சங்கடம் வரும். நேற்று வரைக்கும் 'டேய் மச்சான்'னு கூப்பிட்டவன் இன்றைக்குத் தலைவர். அவன் ஒரு வேலை சொன்னா நமக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். தலைவரான பையனுக்கும் அதே சங்கடம் உண்டு. வெளியே சொல்ல மாட்டான், அவ்வளவுதான். இந்த மாதப் பாடத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன். படித்துப் பார்க்க ஒரு காற்பந்து ஆட்டக்காரரின் வாழ்க்கை இருக்கிறது: கென்னி டால்கிலிஷ். (நான் லிவர்பூல் ரசிகன் இல்லை. இதை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் மனசு வேண்டியிருந்தது.)

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1951-இல் பிறந்தவர். செல்டிக் குழுவில் பெயர் எடுத்து, 1977-இல் 4,40,000 பவுனுக்கு லிவர்பூல் வந்தார். மறு ஆண்டே ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் புரூகா குழுவுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோல்தான் வெற்றிக் கோல். அவருடைய ஆட்டத் திறமையைப் பற்றி எழுதினால் இந்த இதழ் பத்தாது. நமக்கு வேண்டியது 1985-க்குப் பிறகு நடந்தது.

அந்த ஆண்டு மே 29-இல் பிரசல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் லிவர்பூல், யுவென்டஸ் இறுதியாட்டம். ஆட்டம் தொடங்கும் முன் ரசிகர் கலவரத்தில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். நிர்வாகி ஜோ ஃபேகன் அத்தோடு விலகினார். அடுத்த நாளே 34 வயது டால்கிலிஷ் ஆடும் நிர்வாகியாக அறிவிக்கப்பட்டார். ஆங்கிலேயக் குழுக்களை ஐரோப்பியப் போட்டிகளில் இருந்தே தடை செய்துவிட்டார்கள். நல்ல நேரத்தில் கிடைத்த பதவின்னு யாரும் சொல்ல முடியாது.

ஆடும் நிர்வாகி என்றால் என்ன? குழுவைத் தேர்ந்தெடுப்பது, ஆட்டக்காரரை வாங்குவது, விற்பது, பயிற்சியைக் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கூடவே காலணி மாட்டித் திடலிலும் இறங்குவார். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் இது அபூர்வமில்லை. ஆனாலும் முதல் நிலைக் குழு ஒன்றில், அதுவும் லிவர்பூலில், ஆட்டக்காரரையே நிர்வாகியாகப் போட்டது துணிச்சல்தான்.

முதல் சோதனை உடை மாற்றும் அறையிலேயே இருந்தது. வலது தற்காப்பில் ஃபில் நீல், குழுத் தலைவர், 1974-இலிருந்து அங்கே இருப்பவர். நான்கு ஐரோப்பியக் கிண்ணங்கள் வென்றவர். நிர்வாகிப் பதவி தனக்குக் கிடைக்கும் என்று அவரும் எதிர்பார்த்தார். எட்டு வருஷம் ஒன்றாக ஆடிய அந்த மனிதரிடமிருந்து டால்கிலிஷ் தலைமையை எடுத்து ஆலன் ஹான்சனுக்குக் கொடுத்தார். பிறகு நீலின் இடத்தில் ஸ்டீவ் நிக்கோல் ஆடினார். டிசம்பரில் நீல் போல்ட்டன் குழுவுக்குப் போய்விட்டார், அங்கே அவரும் ஆடும் நிர்வாகி.

நீலின் பக்கம் நின்று பார்த்தால் வலிக்கத்தான் செய்யும். டால்கிலிஷ் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன், ஏன்னா அதே கத்தியை அவர் தன் மேலேயும் வைத்தார். அப்போது லீக் ஆட்டத்தில் ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரருக்குத்தான் இடம். ஆக மொத்தம் 12 பெயர். அந்தப் பருவத்தில் பால் வால்ஷ் என்ற இளைஞர் கோல் அடித்துக்கொண்டிருந்தார். நிர்வாகி டால்கிலிஷ், ஆட்டக்காரர் டால்கிலிஷை வெளியே உட்கார வைத்தார். கேட்க ஆளில்லாத பதவி. தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டால் யாரும் தடுத்திருக்க முடியாது. முந்தைய நிர்வாகி பாப் பெய்ஸ்லியை ஆலோசகராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டதையும் கவனியுங்கள்.

அதற்காக ஒதுங்கியே இருந்துவிடவும் இல்லை. பிப்ரவரியில் வால்ஷ் காயப்பட்டார். அதே மாதம் சொந்தத் திடலான ஆன்ஃபீல்டில் எவர்ட்டனிடம் 0-2 தோல்வி. கிண்ணம் எவர்ட்டனுக்குத்தான் என்று எல்லாரும் பேசினார்கள். டால்கிலிஷ் தன் பெயரை மறுபடி எழுதினார். லிவர்பூல் வரிசையாக வென்றது. 1986 மே 3, லண்டன் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில் செல்சியுடன் கடைசி ஆட்டம். வந்த பந்தை மார்பில் வாங்கி, கீழே இறங்கும்போதே உதைத்தார். 1-0. லீக் கிண்ணம் 88 புள்ளிக்கு 86 என்ற கணக்கில் லிவர்பூலுக்கு. ஒரு வாரம் கழித்து வெம்பிளியில் அதே எவர்ட்டனை 3-1 என்று வென்று எஃப்ஏ கிண்ணத்தையும் எடுத்தார்கள். ஒரே பருவத்தில் இரண்டு கிண்ணமும் லிவர்பூல் வென்றது அதுதான் முதல் தடவை.

1987-இல் அவர் செய்ததுதான் எனக்கு இதைவிடப் பெரிது. பீட்டர் பியர்ட்ஸ்லியை 19 லட்சம் பவுன் கொடுத்து வாங்கினார், அன்றைய பிரிட்டிஷ் சாதனை விலை. பியர்ட்ஸ்லி ஆடும் இடம் எது தெரியுமா? டால்கிலிஷ் ஆடிய இடம். தன் நாற்காலிக்குத் தானே ஆள் தேடினார். ஜான் பார்ன்ஸும் சேர, அந்தப் பருவத்தின் முதல் 29 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. நம் கிளைகளில் அடுத்த செயலாளரைத் தயார் பண்ணாமல் ஆறேழு வருஷம் கோப்பைக் கட்டிக்கொண்டு உட்காரும் அண்ணன்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.

பிறகு 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கம். நெரிசலில் இறந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். டால்கிலிஷும் மனைவியும் ஆட்டக்காரர்களும் இறுதிச் சடங்குகளுக்குப் போனார்கள். ஒரே நாளில் நான்குக்குக்கூட அவர் போயிருக்கிறார். எந்தப் பயிற்சி வகுப்பும் இதற்குச் சொல்லித் தராது. அடுத்த பருவத்தில் மறுபடி லீக் கிண்ணம். 1990 மே 1-இல் டெர்பிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கியதோடு, 39 வயதில் அவருடைய ஆட்டம் முடிந்தது.

ஆனால் மனம் களைத்திருந்தது. 1991 பிப்ரவரி 20, எவர்ட்டனுடன் எஃப்ஏ கிண்ண ஆட்டம். லிவர்பூல் நான்கு தடவை முன்னிலை பெற்றது, நான்கு தடவையும் எவர்ட்டன் சமன் செய்தது, 4-4. தற்காப்பை மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் அந்த முடிவைத் தன்னால் எடுக்க முடியவில்லை என்று அவரே பின்னர் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் பதவி விலகினார். அன்றைக்கு லீக் பட்டியலில் லிவர்பூல்தான் முதலிடம்.